ஒரு கடலுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?



பொதுக்குழுக் கூட்டத்தில் "மழைநீர்க் கிணறு வெட்டலாமா?" என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் கை தூக்குவோம். "வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் ஆகும்" என்று பொருளாளர் சொன்னதும் பாதிக் கைகள் இறங்கிவிடும். முதலில் கை தூக்கியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறையும் கேட்கப்பட்டவை வேறு வேறு கேள்விகள், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தவர்களின் கதை பிரான்ஸில் ஒரு பாலத்தில் தொடங்கி அலாஸ்காவின் கடலில் போய் முடிகிறது.

1844-இல் ழூல் துப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு பாலத்தால் மக்களுக்கு எவ்வளவு பயன்? வசூலாகும் சுங்கக் காசுதான் பயன் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றார் அவர். ஒரு காசு கொடுத்துக் கடப்பவர்களில், ஐந்து காசு கேட்டிருந்தாலும் கொடுத்துக் கடந்திருக்கக் கூடியவரும் இருப்பார். அவருக்குக் கிடைத்த மீதிப் பயன் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதே சரியான அளவுகோல் என்றார்.

சரி, அதை எப்படித் தெரிந்துகொள்வது? கத்தரிக்காய்க்குச் சந்தை இருக்கிறது. காட்டுக்கு ஏது சந்தை? 1947-இல் பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டலிங், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி சொன்னார். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு செலவழித்து மக்கள் வருகிறார்கள் என்று கணக்கிட்டால், பூங்காவுக்கு அவர்கள் தரும் மதிப்பு தெரிந்துவிடும்.

நல்ல யோசனைதான். ஆனால் அது வருபவர்களை மட்டுமே எண்ணுகிறது. அந்தக் காட்டை ஒருநாளும் பார்க்கப் போகாவிட்டாலும், அது அழியாமல் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்க வேண்டும் என்று நினைப்பவரை என்ன செய்வது? அதுவும் ஒரு மதிப்புதான் என்று 1967-இல் ஜான் க்ருட்டிலா வாதிட்டார். அதை அறிய ஒரே வழி, ஆளிடமே கேட்பது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ராபர்ட் டேவிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், மேய்ன் மாநிலக் காடுகளுக்கு வந்த 121 பேரிடம் ஏலம் விடுவது போலத் தொகையைக் கூட்டிக் கூட்டிக் கேட்டுப் பார்த்திருந்தார்.

இதெல்லாம் கல்லூரி விஷயமாக இருந்தது 1989 மார்ச் 24 வரைதான். அன்று நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறைத்திட்டில் மோதியது. சுமார் நாலு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கடற்பறவைகள் லட்சக்கணக்கிலும் கடல் நீர்நாய்கள் ஆயிரக்கணக்கிலும் இறந்ததாக மதிப்பிட்டார்கள். மீனவரின் நஷ்டத்துக்குக் கணக்கு உண்டு. நீர்நாய்க்கு என்ன விலை? யாரும் விலை சொல்லாவிட்டால், நீதிமன்றக் கணக்கில் அது பூஜ்யம்.

அலாஸ்கா மாநிலம் பொருளியலாளர்கள் குழுவை நியமித்தது. 1991-இல் அமெரிக்கா முழுவதும் 1,043 பேரை நேரில் சந்தித்துக் கேட்டார்கள். "கடலைக் காப்பாற்ற எவ்வளவு தருவீர்கள்?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்கவில்லை. எண்ணெய்க் கப்பல்களுக்குத் துணையாக இரண்டு கப்பல்களை அனுப்பி இன்னொரு விபத்தைத் தடுக்கும் திட்டத்தை விளக்கினார்கள். இதற்கு உங்கள் வீட்டுக்கு ஒரே தடவை இவ்வளவு வரி என்றால் ஆதரித்து வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா என்றார்கள். சிலரிடம் 10 டாலர், சிலரிடம் 30, சிலரிடம் 60, சிலரிடம் 120. பத்து டாலருக்கு மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். 120 டாலருக்கு மூன்றில் ஒரு பங்கினர். நடுவாக வந்த தொகை வீட்டுக்கு சுமார் 31 டாலர். நாடு முழுவதற்கும் பெருக்கினால் 280 கோடி டாலர்.

ஆனால் இறுதி அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 1991 அக்டோபரில், சிவில் வழக்கு 90 கோடி டாலரில் சமரசமாகிவிட்டது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. எக்ஸான் ஆதரவுடன் நடந்த ஆய்வு ஒன்றில், 2,000 பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். சராசரி 80 டாலர். வேறொரு குழுவிடம் 20,000 பறவைகளுக்குக் கேட்டால் 78. இரண்டு லட்சம் பறவைகளுக்கு 88! மக்கள் பறவைகளை எண்ணிப் பார்த்து விலை சொல்லவில்லை, நல்ல மனதைத்தான் காட்டினார்கள் என்று விமர்சகர்கள் சொன்னது நியாயமாகவே பட்டது.

இந்தச் சண்டையைத் தீர்க்க அமெரிக்க அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். 1993-இல் வந்த தீர்ப்பு நிதானமானது. கவனமாகக் கேட்டால் கிடைக்கும் பதிலை நீதிமன்றம் ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. திட்டத்தைத் தெளிவாக விளக்கு. தொகையைச் சொல்லி, ஆம் அல்லது இல்லை என்று கேள். இந்தப் பணம் வேறு செலவிலிருந்துதான் வரும் என்று நினைவூட்டு. சந்தேகம் வந்தால் குறைந்த மதிப்பையே எடுத்துக்கொள்.

அடுத்த முறை நம் சங்கத்திலிருந்து கருத்துக் கேட்புப் படிவம் வரும்போது இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். "பசுமை வேண்டுமா?" என்று மட்டும் கேட்டிருந்தால், தொகை எங்கே, எத்தனை மாதம், யார் யார் தருவார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கொடுக்கத் தயாராக இருப்பது வேறு, கொடுக்க முடிவது வேறு. இரண்டு சம்பளம் வரும் வீடும் பென்ஷனில் ஓடும் வீடும் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. "முடியாது" என்று எழுதியவர் வேப்பமரத்தின் மேல் ஆசையில்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தினமும் அதன் நிழலில் உட்காருபவர் அவராகவும் இருக்கலாம்.