கிராஃபிக்ஸ் கார்ட் விலை ஏறுகிறது: கணினி விளையாட்டு இனி நமக்குக் கட்டுப்படியாகுமா?

நண்பர்களோடு விளையாடச் சொந்தமாக ஒரு கணினி வேண்டும். பகுதிநேர வேலை பார்த்துக் கொஞ்சம் பணமும் சேர்த்தாகிவிட்டது. ஆனால் கடையில் விலைப்பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டின் விலை மட்டும் நல்ல மடிக்கணினி ஒன்றின் விலையைத் தாண்டி நிற்கிறது.

'இவ்வளவு காசா? அப்போ கணினி விளையாட்டு இனிமே வசதியானவங்களுக்கு மட்டும்தானா?' என்று நீங்கள் யோசித்திருக்கலாம். விலை ஏன் இப்படி ஆனது, எவ்வளவு செலவழித்தால் போதும் என்று பார்ப்போம்.

எவ்வளவு ஏறியிருக்கிறது?

கணினித் திரையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு காட்சியையும் நொடிக்குப் பல முறை வரைந்து தருவது கிராஃபிக்ஸ் கார்ட். விளையாடுவதற்கென்று கணினி வாங்கும்போது பெரும்பாலும் அதற்குத்தான் ஆக அதிகச் செலவு.

சந்தையில் பெரும்பங்கு என்விடியா நிறுவனத்திடம் இருக்கிறது. அது அமெரிக்காவில் அறிவித்த அறிமுக விலைகள் இவை:

ஆக உயர்ந்த ரகம்
- 2017: ஜிடிஎக்ஸ் 1080 டிஐ - 699 டாலர்
- 2022: ஆர்டிஎக்ஸ் 4090 - 1,599 டாலர்
- 2025: ஆர்டிஎக்ஸ் 5090 - 1,999 டாலர்

சாதாரண விளையாட்டாளர்களுக்கான ரகம்
- 2016: ஜிடிஎக்ஸ் 1060 - 249 டாலர்
- 2019: ஆர்டிஎக்ஸ் 2060 - 349 டாலர்
- 2021: ஆர்டிஎக்ஸ் 3060 - 329 டாலர்
- 2023: ஆர்டிஎக்ஸ் 4060 - 299 டாலர்
- 2025: ஆர்டிஎக்ஸ் 5060 - 299 டாலர்

கவனித்தீர்களா? உச்சியில் உள்ள கார்டின் விலை 8 ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. கீழே உள்ள கார்டின் விலை 2019இல் ஏறி, பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காணொளிகளில் பெரிதாகப் பேசப்படுவது உச்சியில் உள்ள கார்ட். அதைப் பார்த்துத்தான் பலர் பயந்துவிடுகிறார்கள்.

ஆனால் கீழ் ரகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி நினைவகம் இருந்தது. 2025இன் 5060இல் இருப்பது 8 ஜிபிதான். அதன் வேகம் கூடியிருக்கிறது, நினைவகமோ குறைந்திருக்கிறது. சில புதிய, பெரிய விளையாட்டுகளை உயர்தரக் காட்சியில் ஓட்ட 8 ஜிபி போதுவதில்லை.

ஏன் இப்படி?

முதலில் மின்னிலக்க நாணயம். 2020ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து ஈதிரியம் நாணயத்தை உருவாக்கப் பலர் கார்டுகளை மொத்தமாக வாங்கினார்கள். கிருமிப்பரவல் காலத்தில் சில்லுத் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் ஈதிரியத்தின் செயல்முறை மாறியது. அதன் பிறகு அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டுகள் தேவைப்படவில்லை.

அடுத்து வந்தது செயற்கை நுண்ணறிவு. அதை இயக்கும் தரவு நிலையங்களுக்கும் என்விடியாவின் சில்லுகள்தான் வேண்டும். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனத்துக்கு விளையாட்டுப் பிரிவிலிருந்து சுமார் 12.5 பில்லியன் டாலர் வருமானம் வந்தது. தரவு நிலையங்களிலிருந்து வந்தது சுமார் 10.6 பில்லியன். மூன்றே ஆண்டில், 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில், தரவு நிலைய வருமானம் 115 பில்லியனைத் தாண்டிவிட்டது. விளையாட்டுப் பிரிவு சுமார் 11.4 பில்லியனில் நின்றது. விளையாட்டாளர்கள் இப்போது அந்நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளர்கள் இல்லை.

மூன்றாவது, நினைவகச் சில்லுகள். சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பாலான நினைவகச் சில்லுகளைத் தயாரிக்கின்றன. தரவு நிலையங்கள் அதிக விலை கொடுப்பதால் அவற்றின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 கடைசியில் சாதாரணக் கணினிக்கான ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அந்த டிசம்பரில், பயனீட்டாளர்களுக்கு ரேம் விற்றுவந்த குருஷியல் தொழிலைக் கைவிடப்போவதாக மைக்ரான் அறிவித்தது.

இதில் சிங்கப்பூருக்கும் தொடர்பு உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான நினைவகத்தைத் தொகுக்க மைக்ரான் 2025 ஜனவரியில் இங்கு புதிய ஆலை ஒன்றின் கட்டுமானத்தைத் தொடங்கியது. முதலீடு சுமார் 7 பில்லியன் அமெரிக்க டாலர். நமக்கு வேலை தரும் அதே போக்குதான் நம் ரேம் விலையையும் ஏற்றுகிறது.

சிங்கப்பூரில் எவ்வளவு ஆகும்?

அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் வரி சேராது. இங்கே 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி உண்டு. ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 299 டாலர் கார்ட் வரியோடு சுமார் 420 வெள்ளி. 1,999 டாலர் கார்ட் சுமார் 2,800 வெள்ளி. கடைகளில் இதற்கு மேலும் இருக்கலாம்.

'வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் வரி இல்லையே' என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வரி விதிக்கப்படுகிறது. பழுதானால் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த விளையாட்டுக்கு எவ்வளவு?

கார்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு கேள்விகள். என்ன விளையாடப் போகிறீர்கள்? உங்கள் திரை எத்தகையது?

வேலரண்ட், டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்: மூன்றும் இலவசம். பழைய கணினிகளிலும் ஓடும்படி உருவாக்கப்பட்டவை. வேலரண்டை நொடிக்கு 144 காட்சிகள் என்ற வேகத்தில் ஓட்ட அதன் தயாரிப்பாளர்கள் பரிந்துரைத்தது 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை. இவற்றை மட்டும் விளையாடுவீர்கள் என்றால், தனிக் கார்டே இல்லாத புதிய கணினிகள் பலவும் சமாளித்துவிடும்.

பெரிய புதிய விளையாட்டுகள், 1080பி திரை: 300 டாலர் ரகக் கார்ட் போதும். என்விடியா தவிர வேறு தெரிவுகளும் உண்டு. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம், அறிமுக விலை 249 டாலர். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டுக்கு 349 டாலர். கொஞ்ச நாள் வைத்து விளையாட நினைத்தால் கூடுதல் நினைவகம் உள்ளதைப் பாருங்கள்.

4கே திரை: செலவு எகிறுவது இங்கேதான். 4கே திரையில் 1080பியைப் போல நான்கு மடங்குப் புள்ளிகள். அவ்வளவையும் கார்ட் வரைய வேண்டும். ஸ்டீம் தளத்தின் கருத்தாய்வுகளில் 1080பி திரைதான் நீண்டகாலமாக முன்னணியில் இருக்கிறது. 4கே இல்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை.

பழைய கார்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கவனமாக. கேரசல் போன்ற தளங்களில் நிறையக் கிடைக்கிறது.

- கார்டை ஒரு கணினியில் பொருத்தி, சுமார் 15 நிமிடம் ஏதாவது விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடுகள், மின்விசிறியில் கரகர சத்தம் என்றால் வேண்டாம்.
- வாங்கியபோது கொடுத்த ரசீதைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் மிச்சம், அது உங்களுக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- உங்கள் கணினியின் பவர் சப்ளை அந்தக் கார்டைத் தாங்குமா, பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

இன்னொன்று. 2012இல் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம் கடைகளில் வாங்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துக் கடையில் வாங்குவது சில நேரம் லாபம்.

முழுக் கணினியையே பழையதாக வாங்குகிறீர்களா? விண்டோஸ் 11 அதில் ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

கன்சோல் மலிவா?

தொடக்கச் செலவு பெரும்பாலும் குறைவுதான். ஆனால் கன்சோல்களும் விலை ஏறுகின்றன. பழையதாக ஆக விலை குறைவதுதான் முன்பு வழக்கம். பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020இல் 499 டாலர், 2025 ஆகஸ்டில் 549 டாலர். கட்டண விளையாட்டுகளை இணையத்தில் நண்பர்களோடு விளையாடச் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அந்தச் சந்தா இல்லை. விளையாட்டுகளும் தள்ளுபடியில் அடிக்கடி கிடைக்கும். பாடம், வேலை எல்லாவற்றுக்கும் அதே கணினி உதவும்.

ஆக, கட்டுப்படியாகுமா?

ஆகும், உச்சியில் உள்ள கார்டை அளவுகோலாக வைக்காத வரை. ஏற்கெனவே கணினி இருந்தால் கார்டை மட்டும் மாற்றுவதே இப்போதைக்குச் சிக்கனம். புதிதாக முழுக் கணினி வாங்குபவர்களுக்குத்தான் ரேம் விலையால் கூடுதல் சுமை.

கடையில் நிற்கும்போது 'இன்னும் 100 வெள்ளி போட்டா அடுத்தது கிடைக்குமே' என்று மனசு சொல்லும். அடுத்ததில் நின்றாலும் அதையேதான் சொல்லும். எனவே வீட்டிலேயே தொகையை முடிவு செய்துவிட்டுப் போங்கள். கையில் உள்ள பணம் போதாமல் தவணைத் திட்டத்தில் இறங்க நினைத்தால், தவறும் ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு அபராதம் என்று முதலில் கேளுங்கள். இரண்டு மாதம் பொறுத்துச் சேமித்து வாங்கினாலும், அதே நண்பர்கள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.