ஈகையும் ஒப்புரவும்: தமிழ்ச் சிறுவர் நூல்கள் வந்த வழி

எழுத்தும் அறமும் ஒரே நாளில் தொடங்கவேண்டும் என்பது பழைய திண்ணைப் பள்ளிகளின் கொள்கை. மணலில் விரலை ஊன்றி அகரம் எழுதக் கற்ற சிறுவன், அவ்வெழுத்தில் தொடங்கும் நீதித் தொடர் ஒன்றையும் உடன் ஒப்பித்தான். அதன் பொருள் அன்றே விளங்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. வயது ஏற ஏறத் தானே விளங்கும் என்று ஆசிரியர் நம்பினார். இம்முறைக்கு இசைந்த நூலாகப் பல தலைமுறைகள் பயின்று வந்தது ஔவையாரின் ஆத்திசூடி. இவர் சங்க கால ஔவையாரின் வேறானவர் என்பதும், பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பதும் ஆய்வாளர் பலர் கருத்து.

அந்நூலின் 109 தொடர்களுள் உயிரெழுத்துப் பன்னிரண்டுக்கு உரியவற்றை மட்டும் தனியே எடுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அகரத்தின் தொடர் அறத்தைச் செய் என்று ஆணையிடாமல், செய்ய ஆசைப்படு என்கிறது. இகரத்தின் தொடர் கொடுக்கக் கூடியதை ஒளித்து வைக்காதே என்கிறது. ஈகாரம், ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுப்பதை இடைநின்று தடுக்காதே என்கிறது. ஐகாரம் இரந்து வந்தவர்க்கு இட்ட பின்பே உண்ணச் சொல்கிறது. ஒகரம் ஒப்புரவோடு நடக்கச் சொல்கிறது. ஆகப் பன்னிரண்டில் ஐந்து கொடையையே சுற்றி வருகின்றன. உயிரெழுத்தைத் தாண்டி ஆய்தத்துக்கு வந்தாலும், தானியத்தைக் குறைத்து விற்காதே என்ற எச்சரிக்கை காத்திருக்கிறது. உலகில் எத்தனையோ மொழிகளில் குழந்தைக்கு எழுத்துக் கற்பிக்க விலங்கின் பெயரும் பழத்தின் பெயரும் துணையாக நிற்கின்றன. தமிழில் அந்த இடத்தில் கொடை நின்றது.

ஆயினும் ஒரு முரண் அங்கேயே இருக்கிறது. ஏகாரத்தின் தொடர் பிறரிடம் ஏற்பதை இகழ்ச்சி என்கிறது. அதை ஒப்பித்து மூச்சு வாங்குவதற்குள், ஐயம் இடச் சொல்லும் ஐகாரம் வந்துவிடுகிறது. கொடுப்பது கடமை, வாங்குவது இழிவு என்ற இரண்டையும் ஒரே சிறுவன் அடுத்தடுத்துக் கற்றான். கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதில் இடர்ப்பாடு ஒன்றுமில்லை. ஏற்கும் நிலையில் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்நூல் என்ன சொல்லிற்று என்ற கேள்வியைப் பழைய உரையாசிரியர் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. எழுப்பத் தேவையும் அவர்களுக்கு இல்லை. அப்பிள்ளை பெரும்பாலும் திண்ணையில் இடம் பெறவேயில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் சிறுவர்க்கு அப்பள்ளிகள் மூடியே கிடந்தன. சிறுமியரும் அங்கே மிக அரியர். வாசலில் நின்றவன் கேட்காத தொலைவில்தான் ஈகையைப் பற்றிய பாடம் நடந்தது.

திண்ணை ஆசிரியரின் நிலையும் இங்கே எண்ணத்தக்கது. அவருக்கு நிலையான சம்பளம் இல்லை. பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த நெல்லும் காய்கறியும் சில்லறைக் காசுமே வருவாய். நவராத்திரிக் காலத்தில் மாணாக்கரைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாகச் சென்று பாடச் செய்து பரிசு பெறுவதும் வழக்கமாயிருந்தது. ஏற்பதை இகழ்ச்சி என்று கற்பித்தவரே ஏற்று வாழ்ந்தார் என்பதை ஊரார் குறையாகக் கொள்ளவில்லை. ஊர் தன் ஆசிரியரைக் காப்பது பிச்சையாகாது என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

அத்தெளிவுக்குத் தமிழில் பெயர் உண்டு, அதுவே ஒப்புரவு. திருக்குறள் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் பிரித்து வைத்தது. ஈகையில் கொடுப்பவன் வேறு, இரப்பவன் வேறு. இரந்தவனின் முகம் மலரும் வரையில் கொடுப்பவனுக்கும் துன்பமே என்கிறார் வள்ளுவர். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமையோ ஊரார் நீருண்ணும் குளம் நிறைந்து நிற்பது. குளத்தில் நீர் முகப்பவளை எவரும் இரவலர் என்று சொல்வதில்லை. இரண்டு சொற்களையும் ஆத்திசூடி தன் உயிரெழுத்துகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் சிறுவர்க்கென எழுந்த பிற்கால நூல்கள் ஐகாரத்தின் வாசலிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டன. ஒகரத்தை அடைய அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

அச்சு வந்தபோது நிலைமை உடனே மாறிவிடவில்லை. சென்னைக் கல்விச் சங்கத்தில் புலமை நடத்திய தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை 1826-இல் அச்சேறியது. உரைநடையில் சிறுவரும் படிக்கத்தக்க கதை நூல் கிடைத்தது என்ற வகையில் அது பெரிய வரவு. அன்பைக் கற்பிக்கும் நூலாக அதனைக் கொள்வது மட்டும் கடினம். அரச குமாரர்க்கு உலகியல் தந்திரம் புகட்ட எழுந்த கதைகள் அவை. யாரை நம்பலாம், யாரை நம்பலாகாது என்பதே அங்கே தலைமைப் பாடம். இரக்கம் காட்டியவன் ஏமாந்த கதைகளும் அதில் உண்டு. 1835-இல் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடு நீங்கியபின் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் உலகநீதியும் ஏட்டிலிருந்து மலிவான சிறு நூல்களாக இறங்கி வந்தன.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், அப்பள்ளிக்கென்று எழுதத் தொடங்கிய பாலபாடங்கள் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். ஒற்றை வரிக் கட்டளையாக இருந்ததை அவர் தெளிந்த உரைநடையில் விரித்தார். கொலையும் புலாலும் ஏன் விலக்கத்தக்கவை என்பதற்குக் காரணம் கூறிச் சிறுவரிடம் வாதாடினார். பிற உயிரின் நோவைத் தன் நோவாக எண்ணும்படி பிள்ளையைக் கேட்டதில் அவருடைய பாடங்களுக்குத் தனி வலிமை உண்டு. எனினும் குரல் ஆசிரியரின் குரலே. விளையாடும் குழந்தையை அங்கே காண்பதரிது. நாளைய சைவ இல்லறத்தான் ஒருவன் சிற்றுருவில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல் 1859-இல் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று அது. ஆயினும் நீதி சொல்லியவர் அதன்படி நின்றாரா என்று கேட்கும் உரிமை வாசகர்க்கு உண்டாதலால், ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் தம் பொருளை வாரி வழங்கினார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதரைப் பாடுவதில் நாட்டமில்லாதவராயிருந்தும் அவர்மீது கீர்த்தனை ஒன்று இயற்றினார். கிறித்தவரை ஒரு சிவபக்தர் பாடிய அந்தப் பாடல் எந்தப் பாலபாடத்தையும்விட நன்றாகவே கொடையைக் கற்பித்திருக்கும்.

குழந்தையை நாளைய பெரியவனாகக் காணாமல் இன்றைய குழந்தையாகவே கண்டு பேசியவர் சுப்பிரமணிய பாரதியார். புதுச்சேரியில் அவர் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில், 1915-இல் பாப்பா பாட்டு வெளிவந்தது. சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்த அவரது இயல்பைக் குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கின்றனர். அப்பாட்டில் குருவியும் கோழியும் பசுவும் நாயும் குழந்தையின் உறவினராகவே வந்து போகின்றன. அவற்றுள் கருதத்தக்கது காக்கை. அது ஏமாற்றித் திருடும் பறவை என்று கவிஞர் ஒளிக்காமல் சொல்கிறார்; சொல்லிவிட்டு, அதற்காகவும் இரக்கப்படச் சொல்கிறார். நல்லவர்க்கும் தகுதி உடையவர்க்கும் கொடு என்று பாத்திரம் பார்த்த பழைய நீதி, இங்கே திருட்டுக் காக்கைக்கு முன் தன் அளவுகோலைக் கீழே வைத்துவிடுகிறது. பசித்ததால் திருடும் உயிர் என்ற எண்ணம் குழந்தைக்கு விளக்கமின்றியே புரிகிறது.

அதே பாட்டில் சாதி இல்லை என்ற செய்தியும், தீமை செய்பவரைக் கண்டு அஞ்சாமல் எதிர்த்து நிற்கவேண்டும் என்ற செய்தியும் வருகின்றன. அன்பைப் போதிக்கும் பாட்டில் இவ்வளவு சினம் எதற்கு என்று கேட்டவர் உண்டு. திண்ணையில் இடமில்லாத சிறுவனையும் பாப்பாவாக எண்ணிப் பாடியவர்க்குச் சினம் இல்லாத இரக்கம் போதவில்லை என்பதே பொருத்தமான விடை. பாரதியாரின் புதிய ஆத்திசூடியிலும் இந்த மாற்றத்தைக் காணலாம். பழைய நூல் சினத்தைத் தணிக்கச் சொல்லிற்று. புதியது அறச்சினத்தைப் பழகச் சொல்கிறது. ஈகாரத்தில் அவர் ஈகையை ஒரு திறனாக வைத்தார். ஊகாரத்தில் உணவை மிகுதியும் விரும்பச் சொன்னார். பசித்த குழந்தை வெட்கமின்றிச் சோறு விரும்பலாம் என்று தமிழில் ஒரு நீதிநூல் கூறியது புதுமையே.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இன்னொரு படி சென்று கட்டளையையே கைவிட்டார். தோட்டத்தில் மேயும் பசுவையும் அதன் கன்றையும் பற்றி அவர் எழுதிய சிறு பாட்டில் குழந்தைக்கு எந்த அறிவுரையும் இல்லை. தாயும் கன்றும் அன்பு பாராட்டுவதை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறார். இரக்கம் என்ற சொல்லையே எடுக்காமல் இரக்கத்தை ஊட்டிய பாட்டு அது. எட்வின் ஆர்னால்டின் நூலைத் தழுவி அவர் இயற்றிய ஆசிய ஜோதியில், நொண்டி ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து பிம்பிசாரனின் வேள்விச் சாலைக்குச் செல்லும் புத்தர் பாடநூல்களின் வழியே பல தலைமுறை மாணவர்க்கு அறிமுகமானார்.

இதற்கிடையில் வகுப்பறையே மாறிவிட்டது. சென்னை மாநகராட்சி 1920-இல், தியாகராயர் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரியத் தொடங்கிற்று. தொடக்கத்தில் ஊர்மக்கள் தந்த நெல்லும் பொருளும் அதற்குப் பெருந்துணையாயின. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவுத் திட்டமும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் அதைத் தொடர்ந்தன. இவற்றின் அரசியலைப் பேச இது இடமன்று. சிறுவர் நூலை எழுதுவோர்க்கு இதனால் நேர்ந்தது ஒன்றே: வாசலில் நின்ற பிள்ளை உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. ஏற்பது இகழ்ச்சி என்ற பாடத்தை ஆசிரியர் நடத்தும்போது, வகுப்பில் பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நின்று உண்டு வந்தவர்களாக இருந்தனர். அத்தொடருக்குச் சோம்பியிருந்து இரப்பதே இகழ்ச்சி என்று ஆசிரியர்கள் பொருள் விரித்ததும் இந்த நெருக்கடியால்தான் எனலாம்.

இக்காலத்துக்கு உரிய கவிஞராக வாய்த்தவர் அழ. வள்ளியப்பா. இந்தியன் வங்கியில் பணியாற்றியபடியே வாழ்நாள் முழுவதும் குழந்தைகளுக்கு எழுதிய இவர் 1922-இல் பிறந்து 1989-இல் மறைந்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றவரும் இவரே. இவருடைய பாட்டு ஒன்றில் ஒரு தட்டு நிறைய எட்டு லட்டு இருக்கிறது. கிட்டு என்ற சிறுவன் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவைக்கிறான். மீதியைத் தங்கை பட்டு தின்கிறாள். ஆளுக்கு நான்கு, தட்டுக் காலி. எதுகைக்காகவும் எண்ணுக் கற்பிக்கவும் எழுதப்பட்ட விளையாட்டுப் பாட்டென்று இதைப் பலரும் கடந்து போயிருக்கின்றனர். ஆனால் ஐயமிடும் சிறுவனுக்கும் இக்கிட்டுவுக்கும் உள்ள தொலைவு பெரிது. கிட்டு தங்கைக்கு ஈயவில்லை, அவளும் ஏற்கவில்லை. தட்டு இருவர்க்கும் பொது. பெண் பிள்ளைக்குக் குறைவில்லாத பங்கு என்பதையும் கவிஞர் முழக்கமிடாமல் கணக்காகவே முடித்துவிடுகிறார். நூற்றாண்டுகளாகக் காத்திருந்த ஒகரத்தின் பாடம் நான்கும் நான்கும் எட்டு என்ற வாய்பாட்டில் வந்து சேர்ந்தது.

வள்ளியப்பாவின் தலைமுறையினர் எழுதிய எல்லாவற்றையும் இப்படிப் புகழ இயலாது. ஏழைச் சிறுவனுக்குப் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டுப் பரிசு பெறும் பணக்காரச் சிறுவன் சிறுவர் இதழ்களில் எண்ணற்ற முறை தோன்றினான். சட்டையை வாங்கிய சிறுவனுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இருப்பதில்லை. நன்றி சொன்னதும் கதையிலிருந்து மறைந்துவிடுவான். அவன் பக்கத்திலிருந்து கதையைத் தொடங்குவது எப்படி என்பதற்கு அயல்நாட்டு நூல் ஒன்று வழிகாட்டிற்று. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி தம் பள்ளி நாள்களை நினைந்து எழுதி 1981-இல் வெளிவந்த டோட்டோ-சான், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் வந்து ஆசிரியர்களிடையே பெரிதும் பரவியது.

அந்நூலில் வரும் தோமோயி பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, பிள்ளைகளின் மதிய உணவில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்கவேண்டும் என்று மட்டும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறார். உண்ணும் நேரத்தில் அவர் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டே வருவார். கடல் உணவு குறைந்தால் கடல் என்பார். மலை குறைந்தால் மலை என்பார். பின்னால் இரண்டு பாத்திரங்களோடு வரும் அவருடைய மனைவி, குறைந்ததை அந்த டப்பாவில் இட்டுச் செல்வார். எந்த வீட்டில் எது இல்லை என்ற பேச்சே எழுவதில்லை. கடல் கிடைத்ததா மலை கிடைத்ததா என்று பிள்ளைகள் ஆவலோடு காத்திருக்கின்றனர். போர்க்காலத்து ஜப்பானில், உணவு அருகிக்கொண்டிருந்த நாள்களில் நடந்தது இது. அப்பள்ளி 1945-இல் விமானத் தாக்குதலில் எரிந்துபோயிற்று.