நிருபமா வைத்தியநாதன்

நிருபமா வைத்தியநாதன் (பிறப்பு: 8 டிசம்பர் 1976, கோயம்புத்தூர்) தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர். திருமணத்துக்குப் பின் நிருபமா சஞ்சீவ் என்று அறியப்படுகிறார். உலக மகளிர் ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய உச்ச இடம் 134. 1998 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனின் பிரதான சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியைத் தோற்கடித்தார். 1968-இல், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் போட்டிகள் திறந்துவிடப்பட்ட ஓப்பன் காலம் தொடங்கிய பின் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

தந்தை கே. எஸ். வைத்தியநாதன் ரஞ்சிக் கோப்பையில் ஆடிய கிரிக்கெட் வீரர். ஐந்து வயது மகளின் கையில் ராக்கெட்டைக் கொடுத்துப் பழக்கியவர் அவரே. பதின்ம வயதிலேயே தேசிய மகளிர் பட்டம் நிருபமாவுக்குக் கிடைத்தது. அதற்கு மேல் போக வேண்டுமானால் வெளிநாடு போயே தீர வேண்டும் என்பது அன்றைய நிலைமை.

தரவரிசையில் 134 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு இவர் சாதாரண ஆட்டக்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் இடம் பெறுவோர் 128 பேர். அவர்களில் நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே தரவரிசையைக் காட்டி நேராக நுழைகிறார்கள். மிச்ச இடங்கள் தகுதிச் சுற்றில் வென்று வருபவர்களுக்கும், 'வைல்டு கார்டு' எனப்படும் சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கும் போகின்றன. ஆக, 130 வாக்கில் இருப்பவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே போகத் தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் வெல்ல வேண்டும்; ஒன்றில் தோற்றாலும் ஊர் திரும்ப வேண்டியதுதான். தரவரிசைப் புள்ளிகளைச் சேர்ப்பதோ சின்னப் போட்டிகளில். 1990-களில் அவற்றில் பலவற்றின் மொத்தப் பரிசே 10,000 டாலர். ஒற்றையர், இரட்டையர் எல்லாரும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். விமானக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடும் கூலி என்று எல்லாச் செலவும் ஆட்டக்காரர் தலையில்.

இதே தரத்தில் உள்ள பிரெஞ்சு ஆட்டக்காரருக்கு ஒரு பிடிமானம் உண்டு. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனான ரோலான் கேரோஸ் போட்டியை நடத்துவது பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு. அங்கே வைல்டு கார்டுகளில் பெரும்பகுதி சொந்த நாட்டவருக்கே போகும். போட்டியின் வருமானம் பயிற்சிக்கும் உதவும். பிரான்ஸின் க்ளோயே பாக்கே அப்படிப் பலமுறை பாரிஸில் வாய்ப்புப் பெற்றவர். 2022 செப்டம்பரில் அவர் சென்னை ஓப்பனுக்கு வந்தார். நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த அந்த மகளிர் போட்டியின் முதல் சுற்றில், வைல்டு கார்டு பெற்றிருந்த இந்தியாவின் கர்மன் கௌர் தாண்டி, முதல் செட்டை இழந்தும் பாக்கேயை வென்றார். சொந்த நாட்டில் ஒரு பெரிய போட்டி நடந்தால் என்ன பலன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிருபமாவுக்கு அவருடைய நல்ல வயதில் சென்னையில் இப்படியொரு போட்டி இல்லை.

மெல்போர்ன் வெற்றி கிடைத்த அதே 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம் வென்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவுடன் மகளிர் இரட்டையரில் இறங்கினார். ஃபெட் கோப்பையிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

திருமணமாகி அமெரிக்காவில் குடியேறி, தாயான பின்பும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில், 33 வயதில், மறுபடி இந்திய அணியில் இருந்தார். ஆடும் காலத்துப் பாடுகளை 'தி மூன்பாலர்' என்ற தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார். கலிஃபோர்னியாவில் டென்னிஸ் பயிற்சி அளித்து வருகிறார்.

மெல்போர்ன் வெற்றிக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 2005-இல், சானியா மிர்சா அதே ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்றாம் சுற்று வரை சென்றார். அடுத்த மாதமே ஹைதராபாத்தில் பட்டமும் வென்றார். இந்திய மகளிர் டென்னிஸின் நவீன வரலாற்றை அந்த ஆண்டிலிருந்து தொடங்குவோர் பலர். அது சரியல்ல, 1998-இலிருந்துதான் தொடங்க வேண்டும்.