சூப்பர்மேன் 4: த குவெஸ்ட் ஃபார் பீஸ்

1987இல் வெளியான அதிநாயகத் திரைப்படம். கிறிஸ்டோபர் ரீவ் சூப்பர்மேனாக நடித்த நான்கு படங்களுள் கடைசி. அவற்றுள் மிகவும் நலிந்ததும் இதுவே. இயக்கம் சிட்னி ஜே. ஃபியூரி, திரைக்கதை லாரன்ஸ் கானர், மார்க் ரோசெந்தால், தயாரிப்பு கேனன் நிறுவனம். அணு ஆயுத ஒழிப்பைப் பேசும் இதன் கதையை உருவாக்கியதில் ரீவுக்கும் பங்குண்டு. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு ஜூலை 24 அன்று வந்தது.

தொடரின் தோற்றம்

ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் இருவரும் படைத்த சூப்பர்மேன், 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகமானான். 1948இல் கிர்க் அலின் நடித்த வாராந்திரத் தொடர்ப்படம் வந்தது. அதில் பறக்கும் கட்டம் வந்ததும் அலின் மறைந்துவிடுவார். அவருக்குப் பதில் கையால் வரைந்த உருவம் ஒன்று வானில் பாயும். 1950களின் தொலைக்காட்சித் தொடரில் ஜார்ஜ் ரீவ்ஸ் கம்பியிலும் எம்புபலகையிலும் காலம் தள்ளினார். மனிதன் பறப்பதை நம்பும்படி காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு 30 ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை.

1974இல் அலெக்சாண்டர் சால்கைண்டும் மகன் இல்யாவும் திரைப்பட உரிமையை வாங்கினார்கள். இவர்கள் அதற்கு முன் ‘த த்ரீ மஸ்கெட்டியர்ஸ்’ படத்தை ஒரே மூச்சில் எடுத்து, இரண்டு படமாக வெட்டி வெளியிட்டவர்கள். ஒரு படத்துக்குக் கூலி வாங்கிய நடிகர்கள் வழக்குக்குப் போனார்கள். எத்தனை படத்துக்கான சம்பளம் என்று நடிகர் ஒப்பந்தங்களில் வெளிப்படையாக எழுதும் வழக்கம் அதன்பின் வந்தது. சூப்பர்மேனையும் இரண்டு படமாகச் சேர்த்தே எடுத்தார்கள், இம்முறை சொல்லிவிட்டு. ‘காட்ஃபாதர்’ எழுதிய மரியோ பூசோவின் திரைக்கதை மிக நீண்டுபோக, வேறு பலர் கைவைத்தனர். முதலில் பேசப்பட்ட இயக்குநர் கை ஹாமில்டன் விலகி, ரிச்சர்ட் டானர் வந்தார். மார்லன் பிராண்டோவும் ஜீன் ஹேக்மனும் ஒப்பந்தமான பிறகே நாயகன் கிடைத்தார். ஒல்லியாக இருந்த ரீவுக்கு உடற்பயிற்சி அளித்தவர் டேவிட் ப்ரௌஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் உடைக்குள் இருந்தவர்.

பறத்தல் நுட்பம்

30 ஆண்டுக் கேள்விக்கு விடை தந்தவர் ஜோரன் பெரிசிக். கேமரா, புரொஜெக்டர் இரண்டிலும் ஜூம் லென்ஸ் பொருத்தி, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் அசையும்படி இணைத்தார். புரொஜெக்டர் வீசும் மேகமும் வானமும் திரையில் விரியும்போது கேமராவும் அதே அளவு பின்வாங்கிப் பார்க்கும். ஆகவே பின்னணி மாறாமல் நிற்கும், நடுவில் தொங்கும் நடிகர் மட்டும் விலகிப் போவதுபோலவோ நெருங்கி வருவதுபோலவோ தெரிவார். இதற்கு ‘சோப்டிக்’ என்று பெயர். சில காட்சிகளில் ரீவ் கம்பியில் தொங்கினார். சிலவற்றில் அவர் உடல் அளவுக்கு வார்த்த அச்சில் படுத்திருந்தார். எந்திரம் பாதி வேலைதான் செய்தது. திரும்பும்போது தோளைச் சாய்ப்பதும், இறங்கும்போது கடைசி அடியை நடையாக மாற்றுவதும் ரீவின் பங்கு. காட்சி விளைவுகளுக்காக முதல் படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது.

1978 டிசம்பரில் வந்த இந்த முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 5.5 கோடி டாலர். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 13.4 கோடி வசூலித்தது. ஆனால் இரண்டாம் படத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்த டானர், தயாரிப்பாளர்களுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் நீக்கப்பட்டார். மிச்சத்தை முடித்த ரிச்சர்ட் லெஸ்டரே மூன்றாம் படத்தையும் (1983) இயக்கினார். நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையர் மையத்துக்கு வர, நாயகன் ஓரமாக ஒதுங்கினான். வசூல் 6 கோடியாக இறங்கியது. 1984இன் ‘சூப்பர்கேர்ள்’ படமும் வீழ்ந்தபின் சால்கைண்டுகள் உரிமையைக் கேனனுக்கு விற்றனர்.

தயாரிப்பு

மெனகெம் கோலன், யோரம் குளோபஸ் என்ற இஸ்ரேலிய உறவினர்கள் நடத்திய கேனன், குறைந்த செலவில் ஏராளமான சண்டைப் படங்களை எடுத்துத் தள்ளிய நிறுவனம். இனி அந்த உடை வேண்டாம் என்றிருந்த ரீவை இரண்டு வாக்குறுதிகளால் இழுத்தார்கள்: கதையில் அவர் சொல் எடுபடும், அவர் விரும்பிய ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ படத்துக்குப் பணம் தரப்படும். இரண்டாவது பேரம் வீண்போகவில்லை. அந்தப் படம்தான் மார்கன் ஃப்ரீமனுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையைத் தேடித் தந்தது, ரீவுக்கு இல்லை என்றாலும்.

சுமார் 3.6 கோடி டாலர் என்று பேசிய செலவுத் திட்டம், படப்பிடிப்பு நெருங்கியபோது 1.7 கோடியானது. ஒரே நேரத்தில் ஏராளமான படங்களைக் கையில் வைத்திருந்த கேனனிடம் பணம் இல்லை. படத்தின் தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நியூயார்க்கில் எடுக்க வேண்டிய தெருக்காட்சிகள் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகருக்குப் போயின. 1967இல் திட்டமிட்டுத் தொடங்கப்பட்ட அந்தப் புதிய நகரத்தின் ரயில் நிலைய முகப்பு, ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகமாக வேடம் போட்டது. மழை, நூறு பேர் அளவுக்குத் துணை நடிகர்கள், ஒரு கார்கூட ஓடாத சாலை, சூழலுக்காக விட்ட சில புறாக்கள் என்று அந்த நாளை ரீவ் பின்னாளில் தன்வரலாற்றில் கசப்போடு எழுதினார். சோதனைத் திரையிடல் சரியாகப் போகாததால் சுமார் 45 நிமிடம் வெட்டப்பட்டு, படம் 90 நிமிடத்தில் நின்றது. படத்தின் வில்லனான அணு மனிதனின் முதல் வடிவம், கிளைவ் மேன்டில் நடித்தது, முழுவதுமாகக் காணாமல் போனது இந்த வெட்டில்தான்.

கதையும் குறைகளும்

பள்ளிச் சிறுவன் ஒருவனின் கடிதத்தால் மனம் மாறும் சூப்பர்மேன், ஐ.நா. சபையில் பேசிவிட்டு, உலகின் அணு ஏவுகணைகளை வலையில் வாரிச் சூரியனில் எறிகிறான். அருங்காட்சியகத்தில் இருந்த சூப்பர்மேனின் ஒற்றை முடியைத் திருடும் அவன் பகைவன் லெக்ஸ் லூதர், அதை ஏவுகணையோடு அனுப்ப, சூரியனிலிருந்து அணு மனிதன் பிறக்கிறான். உடல் மார்க் பில்லோவுடையது, குரல் லூதராக நடித்த ஹேக்மனுடையது. வெயில் இல்லாவிட்டால் இவன் செயலற்றுப் போவான் என்பதால், சூப்பர்மேன் நிலவையே தள்ளி கிரகணம் உண்டாக்குகிறான்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். பறத்தலைத்தான் பொறுக்க முடியாது. முன்னோக்கிக் கை நீட்டிப் பறந்துவரும் ஒரே ஷாட் படம் நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது, பின்னணி மட்டும் மாறி. சில இடங்களில் கம்பி பளிச்சிடுகிறது. அணு மனிதன் தகர்த்த சீனப் பெருஞ்சுவரைச் சூப்பர்மேன் வெறும் பார்வையாலேயே கட்டிவிடுகிறான். அப்படியொரு சக்தி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மேரியல் ஹெமிங்வே நடித்த பத்திரிகை அதிபரின் மகள், விண்வெளிக்குத் தூக்கிச் செல்லப்பட்டும் காற்றில்லாமல் சுகமாக இருக்கிறாள். ஜான் வில்லியம்ஸின் இசையைத் தழுவி அமைத்த அலெக்சாண்டர் கரேஜின் பங்கு மட்டும் தரம் குறையவில்லை.

வரவேற்பு

அமெரிக்க வசூல் சுமார் 1.57 கோடி டாலர். மோசமான படைப்புகளுக்கான கோல்டன் ராஸ்பெரி விருதுக்குக் காட்சி விளைவுகள், துணை நடிகை என இரு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கதைப்பொருள் காலத்துக்கு ஒவ்வாதது என்று யாரும் சொல்ல முடியாது.

பின்னாளில்

1995இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்த ரீவ் 2004இல் மறைந்தார். 2006இன் ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ மூன்றாம், நான்காம் படங்களைக் கணக்கில் கொள்ளாமல் கதையைத் தொடர்ந்தது. 2013இலும் 2025இலும் வேறு நடிகர்களோடு தொடர் புதிதாகத் தொடங்கப்பட்டது.