ஐஸ் ஹவுஸும் ஆச்சியின் வத்தல் ஜாடியும்

இந்த எபிசோடுக்குக் காரணம் என் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு. போன ஞாயிற்றுக்கிழமை சுத்தம் பண்ண உட்கார்ந்தால், ஒரு கவருக்குள் அரை கிலோ கொத்தவரங்காய் கொழகொழவென்று கிடக்கிறது. ஆஃபர் போட்டிருக்கிறானே என்று ஆப்பில் ஒரு கிலோ வாங்கியது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, சீனியவரைக்காயை யாராவது அழுக விடுவாளா? வத்தல் போட்டிருக்கலாம்லா?" திருநெல்வேலிப் பக்கம் கொத்தவரங்காய்க்கு அதுதான் பெயர்.

சரி, ஃப்ரிட்ஜே இல்லாத காலத்தில் காய் மலிந்த மாதத்திலிருந்து காய் கிடைக்காத மாதத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோனாங்க? தேட ஆரம்பித்தேன். தேடல் முதலில் கொண்டுபோய் நிறுத்திய இடம் மெரினா.

கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீங்க. 1897-ல் அவர் அங்கே தங்கியதால் அந்தப் பெயர். அதற்கு முன் அது ஒரு குடோன், ஐஸ் குடோன். அந்த ஏரியாவை இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். ஐஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை ரம்பம் போட்டு அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல். ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பயணம் முடிந்து வந்து சேர்ந்தது சுமார் 100 டன். கூடவே கெடாத ஆப்பிள்களும் வந்தன. 1842-ல் மெட்ராஸில் இந்தக் கட்டடம் எழும்பியது.

எனக்கு இதில் பிடித்தது அந்த 80 டன். பாதி கிட்ட கடலில் கரைந்துபோனாலும் லாபம்! எந்த ஸ்டார்ட்-அப் இன்வெஸ்டரும் இதைக் கேட்டால் எழுந்து போயிருப்பார். ஆனால் அந்த ஐஸ் பெரும்பாலும் துரைமார் குடிக்கும் கிளாசுக்குத்தான் போனது. திருவல்லிக்கேணி அடுப்படிக்கு அது வரவில்லை. பிறகு ஐஸ் மெஷின் வந்து கப்பல் வியாபாரமும் படுத்துவிட்டது. இந்தியாவிலேயே தயாரான முதல் ஃப்ரிட்ஜை கோத்ரெஜ் கொண்டுவந்தது 1958-ல். எங்க வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 1998-ல், நான் பிறந்த வருஷம்.

அதுவரைக்கும் எங்க ஆச்சியின் ஃப்ரிட்ஜ், மொட்டைமாடி.

வற்றுதல் என்றால் நீர் குறைவது. குளம் வற்றும், கிணறு வற்றும். காய் வற்றினால் வற்றல், பேச்சில் வத்தல். பெயரிலேயே தொழில்நுட்பம் இருக்கு. கிருமிக்கும் பூஞ்சைக்கும் வளரத் தண்ணீர் வேண்டும். அதை எடுத்துவிட்டால் அவற்றுக்கு வேலையில்லை. சீனியவரைக்காயின் இரண்டு முனையையும் கிள்ளி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, வெயிலில் பரப்ப வேண்டும். சுண்டைக்காய்க்கும் மிளகாய்க்கும் இன்னொரு வழி: ராத்திரி மோரில் ஊறும், பகலில் காயும், மறுபடியும் மோருக்குள் போகும். மோர் முழுக்க உறிஞ்சும்வரை இதே வேலை. இந்த மோர் மிளகாயை நாம் ஏதோ ஆதிகாலத்துச் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். மிளகாயே போர்ச்சுக்கீசியர் கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சுமார் 500 வருஷம்தான் ஆகிறது. வந்த புதுக்காயை நம்மாட்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய முறைக்குள் போட்டுவிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டது. ஃப்ரிட்ஜ் காயை அப்படியே நிறுத்தப் பார்க்கிறது. சில நாள் ஜெயித்து, பிறகு தோற்கிறது. வத்தல் அந்தச் சண்டைக்கே போவதில்லை. காயை வேறு பண்டமாக்கிவிடுகிறது. ஐப்பசி மழையில் ஆச்சி வைத்த வத்தக்குழம்பில் யாரும் பச்சைக்காயைத் தேடியதில்லை.

ரொம்பவும் உருகவும் வேண்டாம். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் மாடியேறியது, காக்காய் விரட்டியது, சாயங்காலம் அள்ளி, சூடு ஆறிய பிறகு ஜாடியில் போட்டது எல்லாம் ஆச்சி மட்டும்தான். தாத்தா சாப்பிட்டார். ஃப்ரிட்ஜ் வந்த வருஷமே அம்மா வத்தல் போடுவதை நிறுத்தினாள். "இடுப்பு தப்பிச்சுது" என்று இப்பவும் சொல்வாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆச்சி போன பிறகு அந்த உப்புக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் அம்மாதான்.

அதனால் இன்னொரு அரை கிலோ வாங்கினேன். எங்க அப்பார்ட்மென்டில் மொட்டைமாடிக்குப் பூட்டு. பால்கனியில் காலை பத்து மணிவரைதான் வெயில். அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கையறை ஜன்னலுக்கு ஓடணும். ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடுவே ரெண்டு தடவை ஓடியிருக்கேன். மூன்றாம் நாள் அம்மா வீடியோ காலில் வந்தாள். "ஒண்ணை எடுத்து ஒடிச்சுக் காட்டு." ஒடித்தேன். வளைந்தது.

"இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்றாள்.