தொலைமருத்துவமும் செலவுக் கணக்கும்

நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்வதும், வைத்தியர் நோயாளியைத் தேடி வருவதுமே தொன்றுதொட்டு நிலவிய மருத்துவ வழிகளாகும். இருவருக்கும் இடைப்பட்ட தொலைவு சிகிச்சையைத் தாமதப்படுத்தியதோடு அதன் செலவையும் உயர்த்தி வந்தது. தந்தியும் தொலைபேசியும் பரவியபோது, தொலைவு அழியுமாயின் செலவும் குறையும் என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே. அது எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது ஆராயத்தக்கது.

1905ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் நகரிலே வில்லெம் ஐந்தோவன், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தியசாலையில் இருந்த நோயாளியின் இதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுகூடத்திற் பதிவு செய்தார். அது விஞ்ஞான வெற்றி. சமூகத் தேவை வெளிப்பட்டதோ அவுஸ்திரேலியாவிலாகும். 1917இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹோல்ஸ் கிறீக் என்னும் சிற்றூரில், குதிரையிலிருந்து வீழ்ந்து படுகாயமுற்ற ஜிம்மி டார்சி என்னும் மாட்டுப்பண்ணைத் தொழிலாளிக்கு, பேர்த் நகரிலிருந்து டாக்டர் ஹொலண்ட் தந்தியில் அனுப்பிய அறிவுறுத்தல்களின்படி தபாலதிபர் ரக்கெற் பேனாக்கத்தி கொண்டு சத்திரசிகிச்சை செய்தார். கப்பலிலும் காரிலுமாக வைத்தியர் வந்து சேருமுன்னரே டார்சி இறந்துவிட்டார்.

இத்துயரம் போதகர் ஜோன் ஃபிளினின் முயற்சிக்கு வலுவூட்டியது. 1928 மே 17இல் குயின்ஸ்லாந்தின் குளொன்கறியிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவையின் முதல் விமானம் புறப்பட்டது. மறு ஆண்டில், அல்பிரட் ட்ரேகர் அமைத்த, காலால் மிதித்து மின்சாரம் பெறும் வானொலிக் கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன. 1942 முதல் இலக்கமிட்ட மருந்துகள் கொண்ட பெட்டிகளும் தொலைவிடங்களில் வைக்கப்பட்டன; வைத்தியர் வானொலியில் இலக்கத்தைக் கூறுவதே போதுமாயிற்று. இங்கே தொலைத்தொடர்பு, இருந்த சிகிச்சைக்கு மாற்றாக அமையவில்லை; இல்லாத சிகிச்சையை உண்டாக்கிற்று. செலவு கூடியிருப்பினும் அதனைக் குறையெனக் கூறுவார் எவருமிலர்.

அமெரிக்காவின் நிலைமை வேறு. 1959இல் நெபிராஸ்காவில் மனநோய்ச் சிகிச்சைக்கும், 1968இல் பொஸ்ரன் விமான நிலையத்தில் பொது மருத்துவத்துக்கும் இருவழித் தொலைக்காட்சி பயன்படுத்தப்பட்டது. ஆயினும் அக்காலத்துத் திட்டங்களிற் பெரும்பாலானவை நிதியுதவி நின்றதும் தாமும் நின்றன.

இணையம் கருவிச் செலவைக் குறைத்தபின் பழைய வினா புதுவடிவம் பெற்றது. கலிபோர்னிய அரச ஊழியர் காப்புறுதித் திட்டத்தின் 2011-2013 தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வொன்று, சுவாச நோய்களுக்கான தொலைமருத்துவச் சந்திப்புகளில் 12 சதவீதமே நேரடிச் சந்திப்புக்கு மாற்றாக அமைந்தன என்றும், 88 சதவீதம் புதிய பயன்பாடு என்றும் கண்டது. ஒரு தொலைச் சந்திப்புக்கான செலவு நேரடிச் சந்திப்பினதைவிடக் குறைவே. எனினும் எண்ணிக்கை பெருகியமையால் பயனாளி ஒருவருக்கான ஆண்டுச் செலவு 45 டொலர் உயர்ந்தது. மாறாக, நாட்பட்ட நோயுடைய 17,025 முன்னாள் படைவீரரை வீட்டிலிருந்தே கண்காணித்த திட்டத்தில், சேருமுன் இருந்த நிலையோடு ஒப்பிடுகையில், வைத்தியசாலை அனுமதிகள் 19 சதவீதமும் படுக்கை நாட்கள் 25 சதவீதமும் குறைந்தன என 2008இல் அறிவிக்கப்பட்டது.

இம்முடிவுகள் தம்முள் முரண்பட்டவை அல்ல. தானே தணியும் தடிமனுக்கு வைத்தியரை அழைப்பது எளிதாகும்போது செலவு பெருகும். வைத்தியசாலைக்கு இட்டுச் செல்லும் நோய் முன்கூட்டியே கவனிக்கப்படும்போது செலவு குறையலாம். ஆயின் கணக்கேடு டார்சியையும் தடிமன்காரரையும் ‘புதிய பயன்பாடு’ என்னும் ஒரே நிரலிலேயே எழுதும். 2020இல் பெருந்தொற்றின்போது அமெரிக்க முதியோர் காப்புறுதி தொலைமருத்துவத்துக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதிலிருந்து, எதை நிலைபெறச் செய்வது என்னும் விவாதம் தொடர்ந்து வந்துள்ளது. செலவு கூடிற்று என்பது கொண்டே கதவை அடைப்போர், வைத்தியரை அடைய வேறு வழியற்றோரையும் சேர்த்தே வெளியில் நிறுத்துவர். எவருடைய தொலைவு நீங்கிற்று என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே, எவ்வளவு செலவாயிற்று என்னும் வினா பொருளுடையதாகும்.