தள்ளுவண்டியில் வந்த புரட்சி

1887 மார்ச் மாதக் கடைசி. பாரிஸ் தெருக்களில் ஒரு தள்ளுவண்டி போகிறது. அதில் இருப்பவை ஒரு வீட்டுச் சாப்பாட்டு அறையின் மேசை, நாற்காலிகள். வீடு அம்மாவுடையது. கொண்டுபோகிற மகன் ஆந்த்ரே ஆந்த்துவான், 29 வயது, கேஸ் கம்பெனி குமாஸ்தா. நாடகச் சாமான்களை வாடகைக்கு எடுக்கக் கையில் காசில்லை. மாதக் கடைசியில் சம்பளம் வருமே என்றுதான் நாடகத் தேதியையே மார்ச் 30 என்று வைத்திருந்தார்!

லிமோஜ் நகரில் பிறந்தவர். நடிப்புக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குமாஸ்தா வேலைக்கு நடுவே ஓர் அமெச்சூர் குழுவில் நடித்துவந்தார். நாவலாசிரியர் ஸோலாவின் கதையிலிருந்து எழுதப்பட்ட 'ழாக் தமூர்' நாடகத்தைப் போடலாம் என்றதும் குழு பயந்தது, எங்கள் பெயரைப் போடாதே என்றது. அப்படிப் பிறந்ததுதான் 'தெயாத்ர் லீப்ர்', அதாவது சுதந்திர நாடக அரங்கம்.

அந்தக் கால மேடையில் கதவும் அலமாரியும் படுதாவில் வரைந்த ஓவியங்கள். நடிகர்கள் சபையைப் பார்த்து வசனம் முழங்குவார்கள். இங்கோ நிஜ நாற்காலி, நிஜ மேசை. ஆந்த்துவான் தயங்காமல் சபைக்கு முதுகைக் காட்டி நடித்தார். நான்கு சுவரும் உள்ள அறையாக மேடையை அமைத்துக்கொண்டு, எந்தச் சுவரை எடுப்பது என்று பிற்பாடு முடிவு செய்யவேண்டும் என்பது அவர் கட்சி.

1888இல் 'கசாப்புக்காரர்கள்' நாடகத்தில் நிஜ இறைச்சியையே மேடையில் தொங்கவிட்டார். எல்லோரும் அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அவருடைய பெரிய சாமர்த்தியம் சந்தாவில் இருந்ததாகப் படுகிறது. சந்தாதாரர்களுக்கு மட்டுமே காட்சி என்றால் அது தனியார் நிகழ்ச்சி; அரசின் தணிக்கை உள்ளே வரமுடியாது. 1890இல் நார்வே நாடகாசிரியர் இப்செனின் 'ஆவிகள்' பாரிஸில் அரங்கேறியது இந்த வழியில்தான். பெர்லினும் லண்டனும் இதே உத்தியைப் பிடித்துக்கொண்டன.

புகழ் வந்தது, கூடவே கடனும் வந்தது. 1894இல் அரங்கத்தைக் கைவிட்டார். மூன்றே வருடத்தில் தன் பெயரிலேயே இன்னொன்றைத் தொடங்கினார். 'ழாக் தமூர்' நாடகத்தை ஒரு காலத்தில் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது அரசின் ஓதெயோன் அரங்கம். 1906இல் அதற்கே இயக்குநரானார். 1914இல் அங்கிருந்தும் கடனோடுதான் வெளியேறினார். பிறகு சினிமா எடுத்தார், விமர்சனம் எழுதினார். 1943இல் இறந்தார்.

அவரிடம் நடித்துப் பழகிய லுயின்யே-போ என்ற இளைஞர், நிஜ நாற்காலியே வேண்டாம் என்று நேர் எதிர்த்திசையில் போனார். அது அடுத்த வாரம்.

(தொடரும்)